இருநூற்றில் நின்றுபோகும் வீடியோ

“அண்ணா, ராத்திரி போட்டேன். காலைல பாத்தா இருநூத்திச் சொச்சம். அதுக்கு மேல ஏறவே இல்ல. நம்ம சேனல யூடியூப்ல அமுக்கி வெச்சிட்டாங்களா?”

திண்டிவனம்–மரக்காணம் சாலையில், பெருமுக்கல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்ட தம்பியின் அப்பா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறார். தம்பி கல்லூரியில் படித்துக்கொண்டே உப்பளத்தையும் மலையையும் போனில் பிடித்து யூடியூப் ஷார்ட்ஸாகவும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸாகவும் போடுகிறான். நான் வீடியோ எடிட்டிங் வேலை பார்ப்பவன் என்பதால் இதே கேள்வி பலரிடமிருந்து எனக்கு வருகிறது. மீன் வறுத்துப் போடும் அக்கா கேட்கிறார், டிராக்டர் ஓட்டுகிற மாமா கேட்கிறார். யாரோ மேலே இருந்து அமுக்குகிறார்கள் என்ற சந்தேகம்தான் எல்லாருக்கும் முதலில் வருகிறது. விதிமீறல் செய்த சேனலைக் கட்டுப்படுத்துவது உண்டு. ஆனால் அப்படி எதுவும் செய்யாமல், உழைத்து எடுத்துப் போடுகிற பிள்ளைகளுக்குப் பார்வை குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. அது வீடியோவுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் திருத்தவும் முடிகிறது.

“யாரும் அமுக்கல தம்பி. மொதல்ல அந்த இருநூறு எப்பிடி வந்துச்சுன்னு பாப்போம்,” என்றேன்.

உப்பளத்தில் தண்ணீர் எப்படி நகர்கிறது என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உவர்நீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்குகிறார்கள். வெயிலில் வற்றி டிகிரி ஏறினால்தான் அடுத்த பாத்திக்கு மடையைத் திறப்பார்கள். உப்புச் செறிவைக் காட்டும் போமே அளவில் 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்புப் படியத் தொடங்கும். அதற்குக் குறைந்த தண்ணீரைக் கடைசிப் பாத்திக்குள் யாரும் விடமாட்டார்கள். குறும்வீடியோவும் இந்த வழியில்தான் போகிறது. நீ போட்டதும் அதை ஒரு சின்னக் கூட்டத்துக்குக் காட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் நின்று பார்த்தால் அடுத்த, கொஞ்சம் பெரிய கூட்டத்துக்குப் போகும். அவர்கள் விரலால் தள்ளிவிட்டுப் போனால் மடை திறக்காது. உன் இருநூறு அந்த முதல் பாத்தி. எல்லாச் சேனலுக்கும் இதே எண்ணிக்கைதான் என்று எடுத்துக்கொள்ளாதே. சேனலுக்குச் சேனல் மாறும். ஆனால் ஓரிடத்தில் நின்றுபோகிறது என்றால், அதுவரை பார்த்தவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போகும் அளவுக்கு நின்று பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

“அப்போ சப்ஸ்கிரைபர் கம்மியா இருக்கறது காரணம் இல்லியா?”

பழைய முறையில் அது பெரிய காரணம். நம்மைப் பின்தொடர்கிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் நம் வீடியோ போகும். ஷார்ட்ஸும் ரீல்ஸும் பெரும்பாலும் நம்மைத் தெரியாதவர்களிடம் போகின்றன. அவர்கள் நம் பெயரைத் தேடி வந்தவர்கள் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள். தலைப்பைப் படித்துத் தேர்ந்தெடுத்துத் தட்டுவதில்லை. வீடியோ தானாக வந்து நிற்கிறது. நிற்பதா போவதா என்பதை விரல் முடிவு செய்துவிடுகிறது.

இதோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘வியூ’ என்று எழுதியிருக்கும் எண்ணை இன்றைக்கு அப்படியே நம்பக் கூடாது. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில், வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று கணக்கு. மறுபடி ஓடினால் மறுபடி ஒன்று. இத்தனை நொடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதற்கு முன்பு, சில நொடிகளாவது பார்த்தால்தான் எண்ணினார்கள். ஆகவே பழைய வீடியோவின் எண்ணையும் புதிய வீடியோவின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. உன் இருநூற்றிலும் பாதிப் பேர் முதல் நொடியிலேயே போயிருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள யூடியூப் ஸ்டூடியோவைத் திறக்க வேண்டும். எத்தனை சதவீதம் பேர் நின்றார்கள், எத்தனை சதவீதம் பேர் தள்ளிவிட்டார்கள் என்று ஒவ்வொரு ஷார்ட்ஸுக்கும் தனியாகக் காட்டும். அதன் கீழே ஒரு கோடு இருக்கும். எந்த நொடியில் எத்தனை பேர் மீதி இருந்தார்கள் என்பதைச் சொல்லும் கோடு. மொத்தப் பார்வையைவிட இந்தக் கோட்டைப் பார்ப்பதுதான் வேலைக்கு ஆகும்.

தம்பி திறந்து காட்டினான். கோடு தொடங்கிய வேகத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு தரையோடு தரையாகப் போனது. வீடியோவை ஓட்டினேன். முதலில் சேனலின் பெயர் சுழன்று வந்தது. பிறகு “வணக்கம் நண்பர்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க” என்றான். பிறகு உப்பளத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகக் காட்டினான். அதன் பிறகுதான் அவன் அப்பா பலகையால் உப்பை வாரி இழுத்தார். பாத்தித் தண்ணீருக்கடியிலிருந்து வெள்ளை திரண்டு எழுந்தது. பலகை உரசும் சத்தம் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு நல்ல காட்சி! ஆனால் அது வருவதற்குள் கோடு தரையைத் தொட்டுவிட்டது. அதைப் பார்க்க ஆள் இல்லை.

“இந்த எடத்துலேருந்து ஆரம்பி,” என்றேன். “உங்கப்பா பலகைய இழுக்கறது மொத நொடியிலேயே வரணும். அந்தச் சத்தம் மொத நொடியிலேயே கேக்கணும்.”

“வணக்கம் சொல்ல வேணாமாண்ணா? மரியாதையா இருக்காதே.”

நியாயமான கேள்வி. நேரில் வருகிறவருக்கு வணக்கம் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் இங்கே பார்க்கிறவர் உன் வீட்டுக்கு வரவில்லை. நீதான் கேட்காமல் அவர் கைக்குள் போயிருக்கிறாய். அவருடைய நேரத்துக்குக் கொடுக்கிற மரியாதை, வந்த காரணத்தை உடனே காட்டுவதுதான். வணக்கம் கடைசியில் வரட்டும், அல்லது நீளமான வீடியோவில் வரட்டும்.

முதல் நொடி பிடித்துக்கொடுத்தால் போதாது. அடுத்த இருபது நொடி அவர் இருக்க ஒரு காரணம் வேண்டும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அழகான காட்சி நிறுத்தும், ஆனால் தங்க வைக்காது. கேள்வி தங்க வைக்கும். உப்பளத்தில் கேள்விக்கா பஞ்சம்? வெயில் ஏறுவதற்கு முன்பே ஏன் வாருகிறார்கள்? ஒரு பாத்தித் தண்ணீரை எப்போது அடுத்ததற்குத் திறக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது இந்தப் பாத்திகள் என்ன ஆகின்றன, அந்த மாதங்களில் இந்தக் குடும்பங்கள் எதைச் சாப்பிடுகின்றன? இவற்றில் ஒன்றை, ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள். பலகை இழுபடும் காட்சியின் மேலேயே கேள்வியைக் கேள். பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டு. பதில் முடிந்ததும் வீடியோவை முடித்துவிடு. “பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க” என்று இழுக்கிற ஐந்து நொடியில் கோடு மறுபடி விழும். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் தராமல் ஏமாற்றுகிற வீடியோக்களும் நிறைய இருக்கின்றன. அவை ஒருமுறை ஓடும். ஆனால் ஏமாந்தவர் அடுத்த முறை உன் முகத்தைப் பார்த்ததுமே தள்ளிவிடுவார்.

நீளம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2024 அக்டோபர் 15 முதல் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம்வரை போகலாம். அதற்கு முன் 60 நொடிதான். மூன்று நிமிடம் கிடைத்ததே என்று நிரப்ப வேண்டியதில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல 18 நொடி போதுமென்றால் வீடியோ 18 நொடிதான்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இன்னொரு முறை சூடாக்கிக் கொடுத்தார்.

அடுத்து, எடுக்கிற விதம். உப்பளத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. எங்கு பார்த்தாலும் வெள்ளை. போன் கேமரா அந்த வெளிச்சத்தைக் கண்டதும் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். உப்பு சாம்பல் நிறத்தில் தெரியும், அப்பாவின் முகம் கருத்துப்போகும். எடுப்பதற்கு முன் திரையில் அவர் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்சம் அந்த முகத்துக்கு ஏற்றபடி பூட்டிக்கொள்ளும். உச்சி வெயிலைவிடக் காலைச் சாய்வெயிலில் உப்புப் பரல்களின் நிழல் விழும். வெள்ளைக்குள் வடிவம் தெரியும். அடுத்தது காற்று. இந்தக் கடற்கரைக் காற்று மைக்கில் மோதினால் பேச்சு ஒன்றும் புரியாது. சட்டையில் மாட்டுகிற சின்ன மைக்கில் பஞ்சுறை போட்டுக்கொள். அது இல்லையென்றால் காட்சியை அங்கே எடுத்துக்கொண்டு, பேச்சை வீட்டில் போர்வைக்கு அருகில் உட்கார்ந்து பதிவு செய்து சேர். பலகைச் சத்தத்தை மட்டும் அங்கேயே, கிட்டத்தில் போய்ப் பிடி. பின்னணிப் பாட்டைப் போட்டு அதை மூடிவிடாதே. பாட்டு எல்லார் வீடியோவிலும் இருக்கிறது. அந்த உரசல் உன்னிடம்தான் இருக்கிறது.

பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். ஆகவே சொல்வதைத் தமிழில் எழுத்தாகவும் போடு. பெரிய எழுத்து, ஒரு நேரத்தில் நான்கைந்து சொல். திரையின் அடிப்பகுதியிலும் வலது ஓரத்திலும் வைக்காதே. அங்கே லைக், கமெண்ட் பொத்தான்களும் சேனல் பெயரும் வந்து மறைத்துவிடும்.

“நேரம்ணா? சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டாதான் ஓடும்னு ஒருத்தர் சொல்றாரே. ஹேஷ்டேக் முப்பது போடணுமாமே.”

ஷார்ட்ஸ் பிரிவின் பொறுப்பிலிருந்த டாட் ஷெர்மன் 2023-ல் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் வெளிப்படையாகவே பதில் சொன்னார். போடுகிற நேரம் முக்கியமில்லை. ஹேஷ்டேகில் மாயம் எதுவுமில்லை. ஓடாத வீடியோவை அழித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போடுவது நல்லதல்ல. ‘வைரல்’, ‘டிரெண்டிங்’ என்று போடுவதைவிட ‘மரக்காணம்’, ‘உப்பளம்’ என்று போட்டால் தேடுகிறவருக்காவது கிடைக்கும். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்று அளவுகளைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் விரும்புகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். நம்மைத் தெரியாதவர்களிடம் போய்ச் சேர, இந்த மூன்றாவதற்குத்தான் கூடுதல் எடை. ஆகவே எடுக்கும்போது நினைத்துக்கொள்: இதைப் பார்க்கிறவர் யாருக்கு அனுப்புவார்? சென்னையில் வேலை பார்க்கிற மரக்காணத்துப் பையன் தன் அம்மாவுக்கா, வேதியியல் ஆசிரியர் தன் வகுப்புக்கா? ஒரு முகம் மனதில் வந்துவிட்டால் பேச்சே மாறும். வேறு செயலியின் முத்திரை பதிந்த வீடியோவை இன்ஸ்டாகிராம் பின்னுக்குத் தள்ளும் என்று 2021-லேயே சொல்லிவிட்டார்கள். அதனால் ஓரிடத்தில் போட்டதை இறக்கி இன்னோரிடத்தில் ஏற்றாமல், முத்திரையில்லாத மூலத்தை வைத்துக்கொண்டு இரண்டிலும் தனித்தனியாகப் போடு.

பார்வையைக் காசுக்கு வாங்குவதும், “நீ எனக்கு சப்ஸ்கிரைப் பண்ணு, நான் உனக்குப் பண்றேன்” என்று வாட்ஸப் குழுவில் சேர்வதும் மடையை உடைப்பதற்குச் சமம். உப்பைப் பற்றி எந்த ஆர்வமும் இல்லாதவர்கள் உன் சேனலுக்குள் வந்து நிறைந்துவிடுவார்கள். அவர்களுக்குக் காட்டும்போது அவர்கள் தள்ளிவிடுவார்கள். அந்தத் தள்ளலும் உன் கணக்கில்தான் சேரும். இது யூடியூப் விதிகளுக்கும் எதிரானது.

இப்போது கொஞ்சம் பின்னோக்கிப் போவோம், ஏனென்றால் கூட்டம் எவ்வளவு பெருகிவிட்டது என்பது தெரிந்தால் தம்பி தன்னையே நொந்துகொள்ள மாட்டான். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் ரீல்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்தது. உலகத்திலேயே ஷார்ட்ஸை முதலில் சோதித்துப் பார்த்தது நம் நாட்டில்தான். உடன்குடியின் ஜி.பி. முத்து போன்றவர்கள் டிக்டாக்கிலிருந்து யூடியூபுக்கு வந்து நிலைத்தார்கள். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. இன்றைக்கு ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் போடுகிறார். பார்க்கிறவருக்கு இருக்கும் மணிநேரம் மட்டும் அதேதான்.

இந்த நெரிசலிலும் தமிழ்நாட்டின் சின்ன ஊர்கள் தனியாகத் தெரிந்திருக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனலானது. ஒரு தாத்தாவும் பேரன்களும் வயலில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள்; அவ்வளவுதான். ராமநாதபுரம் மாவட்டத்து மூக்கையூரிலிருந்து ‘உங்கள் மீனவன்’, தூத்துக்குடியிலிருந்து ‘தூத்துக்குடி மீனவன்’ என்று இரண்டு சேனல்கள் கடலுக்குள் படகில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டின. இவை குறும்வீடியோவால் மட்டும் வளர்ந்தவை இல்லை. நீளமான வீடியோக்கள்தான் அதிகம். ஆனால் மூன்றிலும் நான் கவனிப்பது ஒன்றுதான். வேலையை வேடிக்கை பார்க்க வந்தவர் எடுத்த வீடியோ அல்ல. வேலை செய்கிறவர் எடுத்தது. வலை ஏன் அங்கே போடப்படுகிறது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியும். உப்பளத்துக்கு ட்ரோனோடு வந்து போகிற வெளியூர்க்காரரால் வானத்திலிருந்து பாத்திகளைக் காட்ட முடியும். எந்தப் பாத்தியில் டிகிரி ஏறியிருக்கிறது என்று தம்பியின் அப்பாவால்தான் சொல்ல முடியும். நான் தம்பியிடம் அடித்துச் சொன்னது இதைத்தான்: அப்பாவைப் பேசவை.

“அப்பா கேமரா முன்னாடி பேசமாட்டாருண்ணா.”

கேமராவைப் பார்த்துப் பேசச் சொல்லாதே. வேலை செய்யட்டும், பக்கத்தில் நின்று நீ கேள்வி கேள். மகன் கேட்டால் அப்பா பதில் சொல்வார். அவர் சொல்லும் விதத்தைத் திருத்தாதே.

ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். உப்பு சுமக்கிற அக்காக்கள் கிட்டேயே வேலை செய்கிறார்கள். நல்ல காட்சி என்று அவர்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வெயிலில், உப்பு நீரில் கால் வெடித்து நிற்கிற ஒருவரின் முகத்தை முன்பின் தெரியாத லட்சம் பேர் பார்ப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. எடுத்ததைக் காட்டி, சரி என்றால் போடு. மலைக்கும் இந்தக் கவனம் பொருந்தும். பெருமுக்கல் மலைக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது: மேலே சிவன் கோயில், 1760-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலப் படை பிடித்த கோட்டை, சீதை தங்கியதாக ஊர் சொல்கிற குகை, அங்கே பழங்கால மனிதர்கள் பாறையில் செதுக்கிய கீறல்கள். அந்தக் கீறல்கள் கேமராவில் தெரியவில்லை என்று சாக்பீஸால் வரைந்து காட்டாதே. பக்கவாட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் நிழல் விழுந்து கோடுகள் தானே தெரியும். மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி சதுப்புநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையைக் கேட்காமல் உள்ளே ட்ரோன் பறக்கவிட்டுப் பறவைகளைக் கலைத்து எடுக்கும் வீடியோ எனக்கு வேண்டவே வேண்டாம், எவ்வளவு ஓடினாலும்.

புயல் நாட்களைப் பற்றியும் ஒன்று சொன்னேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கின. அந்த மாதிரி நாளில் எதைப் போட்டாலும் ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள், ஏனென்றால் ஊரே தேடும். வெள்ளம் வடிந்ததும் அந்தக் கூட்டமும் வடிந்துவிடும். அந்த எண்ணை வைத்து அடுத்த வீடியோவை எடைபோட்டால் மனம்தான் உடையும். அதேபோல, அடுத்த மழைக்கு அந்தப் பழைய வீடியோவைத் தூசி தட்டிப் போடவும் கூடாது. பயந்து கிடக்கிற மக்களை அது இன்னும் பயமுறுத்தும்.

கடைசியாக, தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். “காசு எப்போண்ணா வரும்?”

விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் யூடியூபில் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே 90 நாளுக்குள் ஷார்ட்ஸில் ஒரு கோடி பார்வை வேண்டும், அல்லது நீளமான வீடியோக்களில் ஓராண்டுக்குள் 4,000 மணிநேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கோடியிலும், ஓடத் தொடங்கியதுமே தள்ளிவிட்டுப் போனவர்கள் சேரமாட்டார்கள். நின்று பார்த்தவர்களைத்தான் எண்ணுவார்கள். 2023 பிப்ரவரி முதல், ஷார்ட்ஸ் விளம்பரத்தில் படைப்பாளிகளுக்கென்று ஒதுக்குகிற தொகையில் 45 சதவீதம் அவர்களுக்கு வருகிறது. மூன்று மாதத்தில் ஒரு கோடி என்பது உப்பளம் பற்றிய தமிழ்ச் சேனலுக்குத் தூரம். 4,000 மணிநேரம் அவ்வளவு தூரமில்லை. ஆகவே ஷார்ட்ஸில் ஒரு கேள்வி, அதே பொருளில் பத்து நிமிட வீடியோவில் முழுக்கதை என்று இரண்டையும் சேர்த்துச் செய். ஷார்ட்ஸிலிருந்து நீளமான வீடியோவுக்கு இணைப்புக் கொடுக்க யூடியூபிலேயே வசதி இருக்கிறது.

“அப்பா வாருற கல்லுப்ப நேரா விக்கலாமாண்ணா? கமெண்ட்ல ரெண்டு பேரு கேட்டாங்க.”

இதில்தான் அவசரப்படக் கூடாது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக மனிதர் உண்பதற்கென்று விற்க நம் நாட்டில் தடை இருக்கிறது. பாத்தியில் வாரியதை அப்படியே பையில் போட்டுச் சமையலுக்கென்று அனுப்பினால் வழக்கு வரும். விற்பதென்றால் அயோடின் சேர்ப்பது, உணவுப் பாதுகாப்பு உரிமம், பையில் ஒட்டும் விவரச்சீட்டு எல்லாம் முதலில் வேண்டும். அதுவரை கேட்கிறவர்களிடம் இந்தக் காரணத்தையே பதிலாகச் சொல். ‘எங்க உப்ப நான் ஏன் உங்களுக்கு விக்க முடியாது?’ என்று கேட்டு, உப்புக் குவியலின் மேல் கையை வைத்துக்கொண்டு தொடங்கினால், அடுத்த வீடியோவுக்கு முதல் நொடி கிடைத்துவிட்டது.